ரோஸி அப்பாவுக்குச் செய்த கார்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, என் தொண்டை முன்ன மாதிரி இல்லை. ஆயா வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே யாராவது எனக்கு ஒன்று சொல்லியிருக்கணும்: பிள்ளை அழுதால் எப்படியாவது நிறுத்திவிடலாம், அது யோசிக்க ஆரம்பித்தால்தான் நிறுத்த முடியாது. உங்களில் யாராவது அடுத்தவங்க பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டு, சோறு ஊட்டி, அது கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றிருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்றவங்க சும்மா கேளுங்க.

நான் வேலை பார்த்தது தங்க வயலில், பாலகாட் மேட்டில் ஒரு கேப்டன் துரை பங்களாவில். கேப்டன் என்றால் பட்டாளத்து ஆள் இல்லை. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி வேலை வாங்குகிறவர். எங்க வூட்டுக்காரரும் அவருக்குக் கீழேதான், உள்ளே பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. துரைசானி ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது மகள் ரோஸி ஒன்றுதான். பால் பல் விழுகிற வயசு. என் இடுப்பிலேயே வளர்ந்ததால் அப்பாவிடம் மட்டும் இங்கிலீஷ். மற்ற நேரமெல்லாம் குடியாத்தத்துக்காரி மாதிரி இன்னா, ஏது என்றுதான் பேசும்.

துரை கெட்டவர் இல்லை. ஆனால் பெண்சாதி போனதிலிருந்து மகள் முகத்தை நேராகப் பார்க்க மாட்டார். அம்மாவின் கண்ணை அப்படியே எடுத்துப் பதித்த மாதிரி இருக்கும் அதற்கு. கடைசியில், குளிர் விட்டதும் சீமையில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்கு அதை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். ரோஸிக்கு அது எப்படியோ தெரிந்துபோனது. நடுவில் அப்பாவின் பிறந்த நாள் வருகிறது என்பதும் தெரிந்துபோனது. "நான் அப்பாக்கு ஒரு கார்டு செஞ்சு குடுக்கிறேன். அதப் பாத்தா அனுப்ப மாட்டாரு" என்றது. நானும் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் என்ன செய்ய?

சீமையில் ஒரு மேடு

கார்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ரோஸி அம்மாவின் பெட்டியைத் திறந்து ஒரு கட்டு எடுத்துக் காட்டியது. சீமையிலிருந்து பண்டிகைக்கு வந்தவையாம். மடித்த அட்டை, மேலே படம், உள்ளே எழுத்து. ஒன்றில் சிவப்பு மார்போடு ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. பின்னால் வெள்ளை வெளேரென்று மேடு. வீட்டுக் கூரை, மரக்கிளை எல்லாம் வெள்ளை. யாரோ அரிசி மாவைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அது பனி என்று பிற்பாடு பட்லர் அந்தோணி அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

ரோஸியும் பனியைப் பார்த்ததில்லை. பிறந்ததே இங்கேதான். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது, பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. அங்கே, தங்கத்தைப் பிரித்த பிறகு கம்பெனி கொட்டுகிற சயனைடு மண், மலை மாதிரி குவிந்து வெயிலில் வெளுத்துக் கிடந்தது. காற்று அடித்தால் எங்க கூரை, செடி, உலர்த்தின துணி எல்லாவற்றிலும் அந்தத் தூள்தான்.

"சீமையிலயும் சயனைடு மேடு கீது ஆயா, தோ பாரு. அங்கயும் இதே மேடுதான்னா, இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் கப்பல்ல போவணும்? அப்பா இத்த யோசிக்கவே இல்ல."

கோழியின் பங்கு

முதல் கார்டை துரையின் சட்டைக் காலர் வந்த பெட்டி மூடியில் செய்தோம். மஞ்சளைக் குழைத்து வெயில் வைத்தோம், வெளுக்கிற நீலத்தைக் கரைத்து வானம் வைத்தோம். சிவப்புக் காகிதத்தில் குருவியை வெட்டினது ரோஸிதான். கால் கொஞ்சம் கொக்கு மாதிரி வந்துவிட்டது. ஒட்டுவதற்குப் பசை வேண்டும். ஒரு கரண்டி கோதுமை மாவு கேட்டால், கேக்குக்கு வைத்திருக்கிற மாவு என்று பட்லர் டப்பாவை மேல் பலகைக்கு ஏற்றிவிட்டார். சரி என்று பழைய சோற்றைப் பிசைந்தேன். சரியாகப் பிசையவில்லை போல. குருவிக்கு அடியில் பருக்கை பருக்கையாக முட்டிக்கொண்டு நின்றது.

பின்வாசல் படியில் காய வைத்துவிட்டு, ரோஸிக்குத் தலை வாரப் போனேன். திரும்பி வந்தால் பட்லர் வளர்க்கிற கோழிகள் மூன்றும் கார்டைச் சுற்றி நின்று விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. குருவியும் போய், அதன் பின்னால் இருந்த வானமும் போய், சல்லடை மாதிரி ஓர் அட்டைதான் மிச்சம். ரோஸி அழவில்லை. பட்லரைப் பார்த்துக்கொண்டே நின்றது. அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"நான் இன்னா பண்ணட்டும் மிஸ்ஸி? கோழிக்கு அது வாழ்த்துன்னு எப்படித் தெரியும்? சோறுன்னு நெனச்சு கொத்திக்கிச்சு."

நாலு கை

ரோஸியின் முகத்தைப் பார்க்க முடியாமல், அடுத்த முறை ராபர்ட்சன்பேட்டைக்குப் போனபோது அது பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று துணிக்கடைச் செட்டியாரிடம் படம் கேட்டு வாங்கி வந்தேன். மல்லுத் துணிக் கட்டின் மேல் ஒட்டி வருமே, பளபளவென்று, அந்தப் படம். தாமரையில் லட்சுமி நின்றிருப்பாள், நாலு கையோடு. நான் வீட்டில் வைத்துக் கும்பிடலாம் என்றுதான் ஒன்று அதிகமாகக் கேட்டேன். ரோஸி இரண்டையும் பார்த்துவிட்டு, நல்லதாகப் பார்த்து எடுத்து, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அட்டையில் ஒட்டிவிட்டது. இந்தத் தடவை வேலம்பிசின். உரிக்கவும் வராது.

பட்லர் அண்ணன் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். துரை பிறந்த நாளுக்கு லட்சுமியா, பாதிரியார் விருந்துக்கு வந்தால் என் வேலை என்ன ஆவது என்று ஒரே புலம்பல். துரைக்குக் கொடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. ஆனால் சாமி ஒட்டிய அட்டையைக் குப்பையில் போடுவது எப்படி? அடுப்பில் வைப்பது எப்படி? நான் அதை எங்க கூலிக்காரங்க லைன் வீட்டுக்கு எடுத்துப் போய் விளக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன். இரண்டாவது கார்டு அப்படிப் போனது. என்னிடம் கொடுக்கும்போது ரோஸி அந்தப் படத்தைத் தடவிப் பார்த்தது.

"அப்பாக்கும் நாலு கை இருந்தா நல்லா இருக்கும் இல்ல ஆயா? ரெண்டு கை வேலைக்கு. ஒரு கை பைப்பு புடிக்கிறதுக்கு. ஒண்ணுல என்னைப் புடிச்சுக்குவாரு."

குருவி மார்பில் என்ன

மூன்றாவது கார்டுக்கு அது தங்கம் கேட்டது. தங்க வயலில் குடியிருந்துகொண்டு தங்கம் இல்லையா என்று சிரிக்காதீங்க. மண்ணுக்குள் இருப்பது கம்பெனிக்கு. நம்ம கண்ணில் குந்துமணி அளவுகூடப் பட்டதில்லை. ஆனால் துரையின் பூட்ஸில் ஒட்டி வருகிற கல்லில் மினுக்கு மினுக்கென்று ஒரு பொடி இருக்கும். பார்வைக்கு மட்டும்தான் தங்கம், காசுக்கு ஆகாது. ரோஸி அதை இடித்துச் சேர்த்து, பிசின் தடவி, புதுக் குருவியின் மார்பில் தூவியது. வெயிலில் காட்டினால் கண் கூசும். அப்படி ஒரு அழகு.

உறைக்குக் காகிதம் வாங்க, அளவு பார்க்க வேண்டுமே என்று கார்டை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அங்கேதான் என் புத்தி போனது. கம்பெனி கேட்டில் வெளியே போகிறவங்களைச் சோதனை போடுவார்கள். சந்தேகம் வந்தால் கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொல்வார்கள். காவல்காரர் கார்டைப் பிரித்ததும் அவர் முகமே மின்னியது. "இன்னாம்மா இது?" "குருவிங்க." "குருவி மாருல இன்னா?" "பூட்ஸு மண்ணுங்க." "யார் பூட்ஸு?" "கேப்டன் துரை பூட்ஸுங்க." கடைசிப் பதிலை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வெயிலில் உட்கார வைத்தார்கள். எங்க லைனில் ஒருத்தன் நகத்துக்குள் பொடி இருந்ததென்று ஜெயிலுக்குப் போனவன், திரும்பி வந்தபோது பெண்சாதிக்கே அடையாளம் தெரியவில்லை. ஒருத்தர் வந்து கத்தி முனையால் பொடியை எல்லாம் சுரண்டி எடுத்து, திராவகத்தில் போட்டுப் பார்த்தார். தங்கம் இல்லை. குருவிக்கு மார்பும் இல்லை. விரல் நுழைகிற ஓட்டைதான் இருந்தது. காவல்காரர் அதை மடித்து, ரொம்ப மரியாதையாக என் கையில் கொடுத்தார்.

"தங்கமா இருந்தா உன்னை உள்ள போட்டிருப்போம். இல்லாததால அட்டையோட போச்சு. சந்தோசமா போய்ட்டு வாம்மா."

மை

பிறந்த நாளுக்கு முந்தின நாள் நாலாவது கார்டு. எனக்குக் கையே ஓடவில்லை. ரோஸி மட்டும் விடவில்லை. குருவி வேண்டாம் என்றுவிட்டது. சுரங்கத்துக்குள் ஆள் இறங்குகிற ஷாஃப்ட் குழிக்கு மேலே நிற்கிற சக்கரக் கோபுரத்தை வரைந்தது. அதற்குக் கீழே அப்பா, மீசை விளக்குமாறு மாதிரி. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தான். உள்ளே இங்கிலீஷில் எழுதினதை எனக்குத் தமிழில் சொல்லிற்று: "அப்பா, நான் இங்கயே இருக்கேன். சத்தம் போட மாட்டேன்." நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இவ்வளவு நன்றாக அமைந்ததற்குக் கண் பட்டுவிடும் என்று எனக்குப் பயம். பிள்ளை கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறோம் இல்லையா, கார்டுக்கும் ஒரு பொட்டு வைப்போம் என்றேன். உடனே ரோஸி ஓடிப் போய் அப்பா மேசையிலிருந்து ஓர் உறையைக் கொண்டுவந்து காட்டியது. ஓரம் சுற்றிக் கறுப்புக் கரை. "அப்பாவும் மை வச்சுதான் எழுதறாரு ஆயா" என்றது. துரைசானி போனதிலிருந்து துரை அந்த மாதிரிக் காகிதத்தில்தான் எழுதுவார். தூசி தட்டும்போது நானும் பார்த்திருக்கிறேன். அட, இவங்களுக்கும் திருஷ்டி உண்டு, ஒரு சாவு விழுந்த வீட்டுக்கு இன்னொன்று வரக் கூடாது என்று காப்புப் போடுகிறார் என நினைத்து, எனக்குத் துரை மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. உறையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஆமணக்கெண்ணெய் விளக்கில் தட்டைக் கவிழ்த்து மை பிடித்தோம். கார்டைச் சுற்றி, நாங்கள் செய்த உறையைச் சுற்றி, ரோஸி சுண்டுவிரலால் இழுத்தது. போதும் என்றேன். கேட்கவில்லை.

"இன்னும் தடியா போடலாம் ஆயா. அப்பாக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

கேஜ் மணி

பிறந்த நாளன்று, ரோஸி எழுந்திருக்கும் முன்பே துரை சுரங்கத்தில் இறங்கிவிட்டார். சாயங்காலம் வந்ததும் கப்பல் டிக்கெட்டுக்குக் காகிதம் எழுதப் போகிறார் என்று பட்லர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் கார்டு அவர் கைக்குப் போயாகணும். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி கீழே போகும்போது, ரொட்டிக்கு மேலே உறையை வைத்து மூடினோம்.

கீழே நடந்தது எங்க வூட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். துரை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்தாராம். உறையைப் பார்த்தாராம். பிரிக்கவில்லை. பெட்டி கவிழ்ந்து ரொட்டி சேற்றில் விழுந்தது. ஆட்களை ஏற்றி இறக்குகிற கம்பிக் கூண்டு, அந்தக் கேஜை இறக்கச் சொல்லி மணியை இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார், ஆள் நசுங்கினால் அடிக்கிற மாதிரி. மேலே வந்து சேர்ந்த பிறகும் கேஜ் கம்பியைப் பிடித்த கையை அவராலேயே எடுக்க முடியவில்லையாம்.

நான் பார்த்தது, தொப்பி இல்லாமல், உடம்பெல்லாம் சேறாக, துரை ரோட்டில் ஓடி வந்ததை. ரோஸி வராந்தாவில் பொம்மைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தது. மண்டி போட்டு விழுந்து அதன் தலை, கை, கால் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு கட்டிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். மனுஷன் அழுகிற சத்தம் மாதிரி இல்லை அது. ரோஸி அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டியது. கார்டு வேலை செய்துவிட்டது என்று அதற்கு நினைப்பு. எனக்கும்தான். அப்போது பட்லர், படியில் விழுந்து கிடந்த உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஆயாம்மா, இவங்க ஊர்ல கறுப்புக் கரை போட்டு வந்தா கருமாதிக் காயிதம். வூட்ல இருக்கிறதே ஒரே பொண்ணு. யார் செத்ததா நெனச்சு அவரு மேல ஏறி வந்திருப்பாரு?"

துரையின் தமிழ்

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துத்தான் போனேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னலைப் பார்த்தபடி இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார், பட்லர் எனக்குத் தமிழில் சொன்னார். குளிர் விடுகிற வரைக்கும் காத்திருக்கப் போவதில்லையாம். ஒரு பாதிரியார் குடும்பம் உடனே கப்பல் ஏறுகிறது. அவங்களோடு ரோஸியும் போகிறது. இந்த மண் ஒருத்தியை எடுத்துக்கொண்டது போதுமாம். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, குழந்தை உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரே ஒரு தடவை பாருங்க துரை என்றேன். உறையைக் கையில் எடுத்தார். கறுப்பு, விரலில் ஒட்டியது. பிரிக்காமலே இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பிறகு, ஆட்களை வேலை வாங்கக் கற்ற அந்த அரைத் தமிழில், முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்: "ஆயா, நேத்து மாதிரி நான் அந்த கேஜ் இன்னொரு தடவை ஏற முடியாது."

வெளியே வந்தால் கதவுக்குப் பின்னால் ரோஸி. அப்பா கார்டைப் பார்த்தாரா என்று கேட்டது. பார்த்தார் கண்ணு, நல்லாப் பார்த்தார் என்றேன்.

"பொய். பாத்திருந்தா, சத்தம் போட மாட்டேன்னு எழுதனது அவருக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல."

மேசை மேல்

கிளம்பின காலையில் அது பசை கேட்கவில்லை, வண்ணம் கேட்கவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து ஏதோ எழுதியது. ரயிலடியில் அழவும் இல்லை. துரை அதன் தொப்பி நாடாவைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். வண்டி அசையும்போது என் காதில் மட்டும் சொன்னது: "மேசை மேல ஒண்ணு வச்சிருக்கேன் ஆயா. தூசி தட்டு. எடுத்து உள்ள வச்சிடாத."

துரை ஸ்டேஷனிலிருந்தே ஷிஃப்டுக்குப் போய்விட்டார். நாங்கள் வந்து பார்த்தால், அவர் உட்காருகிற இடத்துக்கு எதிரே ஒரு கார்டு, விரித்து நிறுத்தியிருந்தது. உறை இல்லை; ஆகவே பிரிக்காமல் ஒதுக்க வழி இல்லை. படம் இல்லை. கரையும் இல்லை. பட்லர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எனக்காகத் தமிழில் படித்தார். எழுதினது ரோஸி, ஆனால் வார்த்தை எல்லாம் அப்பா பேசுகிற மாதிரி.

"'ரோஸி, நீ வூட்டுக்குத் திரும்பி வா. இப்படிக்கு உன் அப்பா.' கீழ ஒரு கோடு போட்டு விட்டிருக்குது ஆயாம்மா. கையெழுத்து மட்டும் அவரு போட்டாப் போதும்."

ஷிஃப்ட் முடிந்து வந்த துரை அதை நின்றபடியே படித்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு மேசையின் மறுகோடியில் போய் உட்கார்ந்தார். கார்டை அவர் எடுக்கவும் இல்லை, எங்களை எடுக்க விடவும் இல்லை. நான் அந்த வீட்டில் இருந்த வரைக்கும் அதைச் சுற்றித்தான் மேசையைத் துடைத்தேன். ஒரு நாள் துணி பட்டு அது சரிந்தது. அடியில் விரித்திருந்த துணிக்குக் கீழே ஏதோ மேடு தட்டியது. தூக்கிப் பார்த்தால் ஓர் உறை: சீமை அத்தை வீட்டு விலாசத்தில் தன் பேரைக் குண்டு குண்டாக எழுதி, தபால் தலையும் ஒட்டி, அப்பா கார்டை உள்ளே போட்டு மூடினால் போதும் என்கிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருந்தது ரோஸி.

மிஷன் பள்ளிக்கூடத்து அம்மா கற்றுக்கொடுத்த புண்ணியத்தில் என் பேரை எழுத எனக்குத் தெரியும்தான், ஆனால் தாயிங்களா, பிள்ளையைக் குளிப்பாட்டி உடுத்தி ரயிலேற்றச் செல்லுபடியாகிற ஆயா கை, துரை கடைசி வரை கையெழுத்துப் போடாத அந்தக் கோட்டின் மேல் மட்டும் செல்லாதாம்.